ஆக்ஸிலேட்டர் மிதித்தால் வண்டி உதறுகிறதா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஐந்தாவதோ ஆறாவதோ வளைவைத் தாண்டி இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியபோதுதான் என் பழைய கார் முதல் தடவையாக உதறியது. ஸ்டீயரிங்கில் லேசாக, காலுக்கடியில் நன்றாகவே. காலை எடுத்தால் நின்றுவிடும், மறுபடி மிதித்தால் மறுபடி வரும். பக்கத்தில் இருந்த அம்மா, "என்னடா இது, குதிரை வண்டியா?" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் வீல் பேலன்சிங் செய்தேன். போகவில்லை. அலைன்மென்ட் பார்த்தேன், அதிலும் போகவில்லை. "டயர் பழசாயிடுச்சு சார்" என்றார்கள், முன்பக்கம் இரண்டு டயரும் புதிதாகப் போட்டேன். அப்படியும் உதறல் அப்படியே இருந்தது. கடைசியில் வேறொரு மெக்கானிக் அண்ணன் எந்த ஸ்பேனரையும் எடுக்காமல் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "மிதிங்க... விடுங்க... மறுபடி மிதிங்க" என்று மூன்று முறை சொன்னார். "ஆக்ஸில்ல உள் ஜாயின்ட் போயிருக்கு தம்பி. டயர் கோளாறுன்னா காலை எடுத்தாலும் ஆடணும்ல?" என்றார். ஆக்ஸில் என்பது கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டு. இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு கேள்வியை நானே கேட்டிருந்தால் இரண்டு டயர் காசு மிச்சம்.

ஆகவே இந்தக் கட்டுரை வண்டியைக் கழற்றுவது பற்றியது அல்ல. கழற்றுவதற்கு முன்னால், எப்போது உதறுகிறது, எப்போது உதறவில்லை என்பதை வைத்து எந்தப் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிப்பது பற்றியது. கார் வாங்கி ஒன்றிரண்டு வருடமே ஆனவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், கையில் ஒரு வீல் ஸ்பேனரும் போனில் டார்ச் லைட்டும் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில், இது கோளாறுதானா?

சிரிக்காதீர்கள், இதைக் கேட்டே ஆக வேண்டும். புதிதாக ஓட்டப் பழகியவர்கள் பலர் வேகத்தடையைத் தாண்டிய பிறகு கியரைக் குறைக்காமல் மூன்றிலோ நான்கிலோ வைத்தபடியே 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதிப்பார்கள். வண்டி முக்கும், ஆடும், டேஷ்போர்டு எல்லாம் கடகடவென்னும். அது கோளாறு இல்லை, இன்ஜின் கெஞ்சுகிறது. இரண்டாம் கியருக்கு இறக்கி மிதித்துப் பாருங்கள், உதறல் காணாமல் போனால் உங்கள் வண்டிக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது மூன்று சிலிண்டர் இன்ஜின். க்விட், டியாகோ, 1 லிட்டர் வேகன் ஆர் போன்ற வண்டிகளில் இருப்பது மூன்று சிலிண்டர். 2024இல் வந்த புதிய ஸ்விஃப்ட்டிலும் நான்கு சிலிண்டரை எடுத்துவிட்டு மூன்றுக்கு மாறிவிட்டார்கள். நான்கு சிலிண்டர் வண்டியிலிருந்து இதற்கு மாறியவர்களுக்கு ஐடிலிங்கிலும் கீழ் ஆர்.பி.எம்மிலும் ஒரு நடுக்கம் தெரியும், அது பிறவிக் குணம். சந்தேகமிருந்தால் அதே மாடல் வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். நேற்றுவரை இல்லாத நடுக்கம் இன்று வந்திருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் இவற்றைப் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள். வீல் நட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா? அண்மையில் பஞ்சர் போட்டிருந்தால், டயர் மாற்றியிருந்தால் இது இன்னும் முக்கியம், லூசான நட்டோடு ஓடும் வண்டியும் உதறத்தான் செய்யும், ஆனால் அது சக்கரம் கழன்று ஓடுவதற்கு முந்தைய உதறல். அப்புறம் நான்கு டயரின் பக்கச் சுவர்களையும் கையால் தடவிப் பாருங்கள், எங்காவது கொழுக்கட்டை மாதிரி புடைத்திருந்தால் அந்த டயரில் வேகமாகப் போகவே கூடாது, ஸ்டெப்னியை மாட்டுங்கள். டயரின் உட்பக்கத்தையும் தடவ வேண்டும், குழியில் விழுந்து வரும் புடைப்பு பாதி நேரம் உள்ளே ஒளிந்திருக்கும். காற்றழுத்தம் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி இருக்கட்டும்.

கடைசியாக, மீட்டரில் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு. நிலையாக எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். கண் சிமிட்டுவது போல விட்டு விட்டு எரிந்தால் சிலிண்டர் ஒன்று ஒழுங்காக எரிக்கவில்லை, எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் சோதனை ஓட்டமெல்லாம் வேண்டாம், நேராகக் கீழே "இன்ஜின் பக்கம் என்றால்" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

சாலையில் செய்ய வேண்டிய சோதனை

காலை ஐந்தரை, ஆறு மணிக்கு, போக்குவரத்து இல்லாத நேரான பைபாஸ் ஒன்றைப் பிடியுங்கள். நல்ல தார் சாலையாக இருக்க வேண்டும், கோடு கோடாகக் கீறிய கான்கிரீட் சாலை தன் நடுக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துக் குழப்பிவிடும். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், எழுதுவது அவர் வேலை, நீங்கள் சாலையைப் பாருங்கள்.

முதல் சோதனை, மிதிப்பதும் விடுவதும். எந்த வேகத்தில் உதறுகிறதோ அந்த வேகத்துக்கு வாருங்கள், உதாரணமாக 60. நன்றாக மிதியுங்கள், உதறுகிறதா? இப்போது கியரை மாற்றாமல் காலை மட்டும் எடுங்கள். அதே நொடியில் உதறல் நின்றால், இன்ஜினின் இழுவை எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறதோ அந்த வழியில் ஏதோ ஒன்று: இன்ஜின் எரிப்பு, இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களான இன்ஜின் மவுன்ட்டிங், டிரைவ் ஷாஃப்ட் (மெக்கானிக் அண்ணன் சொன்ன ஆக்ஸில்), பின்சக்கர இழுவை வண்டியானால் பின்னால் போகும் நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட். காலை எடுத்தும் ஆடிக்கொண்டே இருந்தால், வேகம் குறையக் குறைய மெல்ல அடங்கினால், சக்கரம், டயர், ரிம் பக்கம் போங்கள். மெக்கானிக் அண்ணன் எனக்குச் செய்தது இதை மட்டும்தான்.

இரண்டாவது, அதே வேகம் வேறு கியர். 60இல் மூன்றாம் கியரில் மிதித்துப் பாருங்கள், பிறகு அதே 60இல் நான்காம் கியரில். இரண்டிலும் அதே 60இல்தான் உதறல் என்றால் அது சாலை வேகத்தைப் பின்தொடர்கிறது, அதாவது கியர் பாக்ஸுக்கு வெளியே உள்ள சமாச்சாரம், சக்கரமோ ஷாஃப்ட்டோ. அப்படி இல்லாமல் மூன்றாம் கியரில் 60இலும் நான்காம் கியரில் 80இலும் வருகிறது, ஆனால் இரண்டு தடவையும் ஆர்.பி.எம் முள் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் இன்ஜின் பக்கம்.

மூன்றாவது, நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்துப் பார்ப்பது. ஓரமாக நிறுத்தி, நியூட்ரல், ஹேண்ட் பிரேக். உதறல் வந்த அதே ஆர்.பி.எம் வரை மெதுவாக ஏற்றி அங்கேயே சில நொடி பிடியுங்கள். நின்ற வண்டியிலும் ஆடினால் சக்கரமும் ஷாஃப்ட்டும் அப்பாவிகள், அவை சுற்றவே இல்லையே. இன்ஜின், மவுன்ட்டிங், இல்லையென்றால் எங்காவது பாடியில் இடித்துக்கொண்டிருக்கும் சைலன்சர் குழாய். ஆனால் ஒன்று, நின்ற வண்டியில் ஆடவில்லை என்பதை வைத்து இன்ஜினுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள், சுமை இருக்கும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறுகள் உண்டு, கீழே சொல்கிறேன்.

நான்காவது நான் அதிகம் நம்புவது, மேம்பால ஏற்றம். ஏறும்போது குறைந்த வேகத்திலேயே இன்ஜினுக்கு முழுச் சுமை கிடைக்கும், 40இல் மூன்றாம் கியரில் ஏறிப் பாருங்கள், உள் ஜாயின்ட் கோளாறும் பலவீனமான ஸ்பார்க்கும் இங்கே ஒளிய முடியாது. அதே பாலத்தில் இறங்கும்போது கால் வைக்காமல் விட்டுப் பாருங்கள்.

நியூட்ரலில் போட்டு ஓடவிட்டுப் பார்ப்பது என்றொரு சோதனையும் சொல்வார்கள். சாலை காலியாக இருந்தால் மேனுவல் வண்டியில் சில நொடி செய்யலாம், ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்தால் பிரேக் கல் மாதிரி இறுகும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் இது வேண்டவே வேண்டாம், காலை எடுப்பதே போதும்.

இதோடு எங்கே உணர்கிறீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கில் ஆட்டம் என்றால் பெரும்பாலும் முன்சக்கரங்கள். சீட்டிலும் தரையிலும் என்றால் பின்சக்கரம், ஷாஃப்ட், மவுன்ட்டிங் ஏதோ ஒன்று. இது சட்டம் இல்லை, குறிப்பு மட்டும்.

ஒரு சின்னக் கணக்கு

165/80 ஆர்14 அளவு டயரை எடுத்துக்கொண்டால் அதன் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது, அப்படியானால் சக்கரம் நொடிக்கு எட்டரைச் சுற்று. டயரில் ஒரு புடைப்பு இருந்தால் நொடிக்கு எட்டு ஒன்பது தட்டு, அது குலுக்கல் மாதிரி இருக்கும், கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டில் மூன்று உருளைகள் இருப்பதால் ஒரு சுற்றுக்கு மூன்று தட்டு, நொடிக்கு 25 போல. அதை எண்ண முடியாது, அதிர்வு மாதிரி உறுமும். என் காரில் இருந்தது இதுதான், அதைத்தான் நான் "டயர் ஆட்டம்" என்று கடைகடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சரி, அப்படியானால் உணர்வை வைத்தே சொல்லிவிடலாமா? முடியாது. நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் 2500 ஆர்.பி.எம்மில் அதுவும் நொடிக்கு 21 தடவை தட்டும், உள் ஜாயின்ட்டின் 25க்கும் அதற்கும் வித்தியாசம் உடம்புக்குத் தெரியாது. அதனால்தான் கியர் மாற்றிப் பார்க்கும் சோதனை.

இன்ஜின் பக்கம் என்றால்

மிதிக்கும்போது மட்டும் ஜெர்க் அடித்து, பிக்கப்பும் குறைந்து, ஆனால் ஐடிலிங்கில் நல்ல பிள்ளையாக இருக்கும் பெட்ரோல் வண்டியா? முதல் சந்தேகம் ஸ்பார்க் பிளக், அடுத்தது பிளக்குக்கு வோல்ட்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயில். மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று போய் அழுத்தம் கூடுகிறது, அழுத்தம் கூடினால் பொறி தாவுவதற்கு அதிக வோல்ட்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக்கும் வலுவிழந்த காயிலும் சும்மா இருக்கும்போது சமாளித்துவிடும், சுமை வந்ததும் கைவிரித்துவிடும். சிஎன்ஜி வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் வெளியே தெரியும், ஏனென்றால் வாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான பொறி தேவை. சிஎன்ஜியில் உதறி, பெட்ரோலுக்கு மாற்றினால் சரியாகிறது என்றால் பிளக்கை முதலில் பாருங்கள், பிறகு மற்றவை.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்த கோளாறு எண்ணை (கோடு, அதாவது code) படித்துக் காட்டும், புளூடூத்தில் போனோடு இணையும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்ல முதலீடு. ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டின் அடியில் அதற்கான சாக்கெட் இருக்கும். பி0300 என்று கோடு வந்தால் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர், அதாவது எரிப்பு ஒழுங்காக நடக்கவில்லை. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0302 வந்தால் உடனே காயில் வாங்க ஓடாதீர்கள். வண்டி ஆறியதும் இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றி மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி, கூடவே நகர்ந்துவிட்டதே. பி0302ஆகவே இருந்தால் காயில் நல்லது, பிளக், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

மழையில் நனைந்த மறுநாளோ, வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாளோ ஆரம்பித்த உதறல் என்றால் பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். ஏதோ ஒரு பங்கில் டாங்க் நிரப்பியதும் ஆரம்பித்தது என்றால் எரிபொருளில் தண்ணீர் இருக்கலாம். டீசல் வண்டியில் ஃபில்டர் அடைத்திருந்தால் மேட்டில் மிதிக்கும்போது மூச்சு வாங்கும், அந்த ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடித்து எத்தனை நாள் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

எரிப்பு ஒழுங்காக இருக்கிறது, பிக்கப்பும் இருக்கிறது, ஆனால் வண்டி கிளம்பும்போது முன்னால் ஒரு குலுக்கல், கியர் மாற்றும்போது "டொம்" என்று ஓர் இடி, ஏசி போட்டால் நடுக்கம் அதிகம் என்றால் இன்ஜின் மவுன்ட்டிங். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள், பெரும்பாலான சின்னக் கார்களில் மூன்றோ நான்கோ இருக்கும். பார்ப்பதற்கு ஒரு வழி: பானெட்டைத் திறந்து வையுங்கள், ஓட்டத் தெரிந்தவர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு வண்டி இழுக்கத் தொடங்கியதும் மறுபடி அழுத்தட்டும். அப்படியே ரிவர்ஸிலும். இன்ஜின் கொஞ்சம் அசைவது இயல்பு, துள்ளி எழுந்து விழுந்தால் ரப்பர் போய்விட்டது. பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது, பின்னால் சுவரும் குழந்தையும் இருக்கும் போர்ட்டிகோவில் இதைச் செய்யாதீர்கள். துப்பட்டா, துண்டு எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. நான் போனில் வீடியோ எடுத்துவிட்டுப் பிறகு நிதானமாகப் பார்ப்பேன்.

கிளட்ச், கியர் பாக்ஸ்

முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளம்பும் அந்த இரண்டு நொடி மட்டும் வண்டி தத்தித் தத்திப் போகிறது, கிளட்சை முழுதாக விட்டபின் எந்த வேகத்திலும் ஆட்டமில்லை என்றால் கிளட்ச். பிளேட் தேய்ந்திருக்கலாம், ஆயில் பட்டிருக்கலாம். ஆனால் போன மவுன்ட்டிங்கும் இதே மாதிரிதான் நடிக்கும், கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் மவுன்ட்டிங்கைப் பார்த்துவிட்டீர்களா என்று கேளுங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக இழுவையைக் கடத்துவது) உள்ள ஆட்டோமேட்டிக் வண்டியில் லேசாக மிதித்துக்கொண்டு சீரான வேகத்தில் போகும்போது, டோல்கேட்டுக்கு முன்னால் போட்டிருக்கும் சின்னச் சின்னத் தடைக்கோடுகள் மேல் ஏறிய மாதிரி சில நொடி அதிர்ந்து நின்றால், கியர் பாக்ஸ் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏஎம்டி என்பது மேனுவல் கிளட்சை இயந்திரம் இயக்குவது, ஆகவே மேலே சொன்ன கிளட்ச் உதறல் அதற்கும் வரும்.

டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்

என் கதைக்கு வருகிறேன். முன்சக்கர இழுவை வண்டிகளில், அதாவது நம் ஊரில் ஓடும் பெரும்பாலான ஹேட்ச்பேக், செடான்களில், கியர் பாக்ஸிலிருந்து இரண்டு முன்சக்கரத்துக்கும் ஆளுக்கொரு ஷாஃப்ட் போகும். மெக்கானிக்குகள் ஆக்ஸில் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜாயின்ட். சக்கரத்தை ஒட்டியிருப்பது வெளி ஜாயின்ட், அது போனால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது "டக் டக் டக்" என்று சத்தம் வரும், இது எல்லோருக்கும் தெரியும். கியர் பாக்ஸை ஒட்டியிருக்கும் உள் ஜாயின்ட் அப்படிச் சத்தம் போடாது. மிதித்தால் உதறும், அவ்வளவுதான். அதனால்தான் பலர் அதைக் கடைசியில் சந்தேகப்படுகிறார்கள்.

அதற்குள்ளே ஒரு கப், கப்புக்குள் மூன்று பள்ளத் தடங்கள், அந்தத் தடங்களில் மூன்று உருளைகள். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் வேண்டுமே, அதற்காக உருளைகள் தடத்தில் உள்ளும் வெளியும் சறுக்கிக்கொண்டே இருக்கும். வழுவழுப்பாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போனாலோ, லட்சம் கிலோமீட்டர் தாண்டித் தானாகத் தேய்ந்தாலோ, தடத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழும். இன்ஜின் பலமாக முறுக்கும்போது உருளை அந்தக் குழிகளில் சிக்கிச் சிக்கி நகர்ந்து, ஒரு சுற்றுக்கு மூன்று முறை ஷாஃப்ட்டை இடமும் வலமுமாகத் தள்ளும். காலை எடுத்தால் முறுக்கு இல்லை, சிக்கலும் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வேகத்தடைக்குப் பயந்து ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகி வண்டியை உயர்த்துகிறோம் இல்லையா, அப்போது ஷாஃப்ட் சாய்ந்து நிற்கிறது. சாய்வு கூடக்கூட இந்த மூன்று தட்டும் பலமாகும். என் காரை எனக்கு விற்றவரும் அந்த ரப்பரைப் போட்டிருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தெருவில் இருந்த வேகத்தடையைப் பார்த்தால் நானும் போட்டிருப்பேன்.

எப்படிப் பார்ப்பது? சக்கரத்தை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மடிப்பு மடிப்பாகக் கறுப்பு ரப்பர் தெரியும், அதுதான் பூட். மடிப்புகளுக்கு இடையே விரிசல், சுற்றிலும் கறுப்புக் கிரீஸ் தெறித்த கோடு இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. மீதியை லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்பில் பார்ப்பது நல்லது. வீட்டிலேயே பார்ப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், கீழே ஸ்டாண்ட் வைக்க வேண்டும், செங்கல் ஸ்டாண்ட் ஆகாது, நொறுங்கும். உள் ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள், முறுக்கியும் பாருங்கள். உள்ளும் வெளியும் சற்று நகர்வது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேலும் கீழுமாகத் தொளதொளவென்று ஆடினால், அதுவும் மறுபக்க ஷாஃப்ட்டோடு ஒப்பிட்டால் அதிகமாக ஆடினால், இதுதான்.

பூட் மட்டும் கிழிந்து உதறல் இன்னும் தொடங்கவில்லை என்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள், புது பூட்டும் புது கிரீஸும் போட்டு முடித்துவிடலாம். உதறல் தொடங்கியபின் கிரீஸ் மட்டும் அடைப்பது வீண், குழி விழுந்த தடம் கிரீஸால் நிரம்பாது. உள் ஜாயின்ட் செட்டோ முழு ஷாஃப்ட்டோ மாற்ற வேண்டும். மாற்றும்போது பல வண்டிகளில் கியர் பாக்ஸிலிருந்து ஆயில் கொட்டும், ஆயில் சீல் புதிதாகப் போட்டார்களா, கொட்டிய ஆயிலைச் சரியான அளவுக்கு நிரப்பினார்களா என்று கேளுங்கள். அவசரத்தில் மறந்துபோகும் வேலை இது, மறந்தால் அடுத்து கியர் பாக்ஸே போகும்.

சக்கரம்தான் என்றால்

காலை எடுத்தும் ஆடுகிறது, 80க்கு மேல் போனால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றால் பேலன்சிங் செய்யுங்கள், இப்போது அது சரியான செலவு. அதற்கு முன் ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள், மழைக்காலத்தில் மண் சாலையில் போய்வந்த வண்டியில் களிமண் காய்ந்து ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டினாலே பலருக்குச் சரியாகிவிடும். பேலன்சிங் ஈயக்கட்டி விழுந்த இடம் ரிம்மில் சுத்தமான சதுரமாகத் தெரியும். டயரின் பக்கச் சுவரில் அதன் வயதைச் சொல்லும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 3219 என்றால் 2019ஆம் ஆண்டு 32ஆம் வாரத்தில் செய்தது. முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றி ஓட்டுங்கள், ஆட்டம் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் அந்தச் சக்கரங்களில்தான் கோளாறு.

அலைன்மென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது தப்பாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். மிதிக்கும்போது மட்டும் வரும் உதறலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பொலேரோ, சுமோ, இன்னோவா (ஹைகிராஸ் தவிர), ஈக்கோ வைத்திருப்பவர்களுக்கு

உங்கள் வண்டியில் இழுவை பின்சக்கரத்துக்கு ஒரு நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் போகிறது. அதன் முனைகளில் இருக்கும் கிராஸ் (சிலுவை வடிவ இணைப்பு) தேய்ந்தால் மிதிக்கும்போது தரை அதிரும், முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றினால் "டங்" என்று கேட்கும். அடியில் பார்த்தால் கிராஸ் கப்பைச் சுற்றி செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியிருக்கும், உள்ளே ஊசி பேரிங்குகள் கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டன என்பதற்கு அடையாளம். ஷாஃப்ட் இரண்டு துண்டாக உள்ள வண்டிகளில் நடுவில் சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பரும் கிழியும், அப்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது உதறல் அதிகம் தெரியும்.

கிராஸ் மாற்றக் கழற்றினால் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அதே நிலையில் மாட்டாவிட்டால் பேலன்ஸ் மாறி, புது கிராஸ் போட்ட பிறகும் வண்டி ஆடும், அப்புறம் "டூப்ளிகேட் பார்ட்ஸ்" என்று கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது

"வண்டி வைப்ரேஷன் அடிக்குது" என்று சொன்னால் அவர் பேலன்சிங்கில்தான் ஆரம்பிப்பார், அவரைத் தப்பு சொல்ல முடியாது. இப்படி எழுதிக் கொடுங்கள்: "40லிருந்து 70 வரை, மிதித்தால் மட்டும். காலை எடுத்தால் உடனே நிற்கிறது. மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் அதே வேகத்தில் வருகிறது. நியூட்ரலில் ரேஸ் கொடுத்தால் இல்லை. தரையில் அதிகம், ஸ்டீயரிங்கில் குறைவு. விளக்கு எரியவில்லை." இந்த ஐந்தாறு வரியைப் பார்த்ததுமே நல்ல மெக்கானிக் நேராக ஆக்ஸிலுக்குப் போவார். முடிந்தால் அவரையே பக்கத்தில் உட்காரவைத்து அந்த மேம்பாலத்தில் ஒரு முறை ஏற்றிக் காட்டிவிடுங்கள்.

வேலை முடிந்தபின் பணம் கொடுப்பதற்கு முன் அதே பாலம், அதே கியர், அதே வேகம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், என் பழைய கப்பின் தடத்தில் நகத்தை ஓட்டியபோது மூன்று இடத்தில் மாட்டியது. சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி என்பதால் 50, 100 கிலோமீட்டர் ஓடியபிறகு வீல் நட்டுகளை மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள், வண்டியைத் தரையில் இறக்கி வைத்து, எதிரெதிர் நட்டாக.